முப்பது காசும் எட்டு நொடியும்

சென்ற மாத வாசிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். சீனாவில் ஒரு தேநீர்க் கடை. சீருடை அணிந்த இளம்பெண் ஒருவர் காகிதக் கோப்பையில் ஒட்டியிருக்கும் சீட்டை இயந்திரத்தின் முன் காட்டுகிறார். இயந்திரம் அதைப் படித்துக்கொள்கிறது. தேநீர், பால், சர்க்கரைப் பாகு என எல்லாம் அளந்து விழுகின்றன. அவர் மூடியை அழுத்திவிட்டு அடுத்த கோப்பையை எடுக்கிறார். இலையை முகர்ந்து பார்க்கவோ, நீர் கொதிக்கும் பதம் பார்க்கவோ அங்கே யாருக்கும் வேலை இல்லை.

எங்கள் அறை இரண்டாகப் பிரிந்தது. "ஆயிரம் ஆண்டுக் கலையை ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள்" என்று சிலர் வருந்தினார்கள். "அடைக்கட்டும். நம் பாட்டிமார் கையால் செய்த வேலையை யாராவது கலை என்று சொன்னார்களா? கைவேலை ஒழிந்தால் நல்லதுதான்" என்று சிலர் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருப்பதாகத் தோன்றியதால் அன்று எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பிறகு கொஞ்சம் படித்தோம். படித்தபோது, இரண்டு தரப்புமே ஒரு ஆளை மறந்துவிட்டுப் பேசியது புரிந்தது. தேநீர் போடுகிற ஆள்தான் அது.

தேநீர் ஞானிக்குக் கிடைத்த கூலி

சீனத் தேநீர் என்றாலே முதலில் வரும் பெயர் லூ யூ. எட்டாம் நூற்றாண்டில், தாங் அரச காலத்தில் வாழ்ந்தவர். கைவிடப்பட்ட குழந்தையாக இருந்தவரை ஒரு பௌத்தத் துறவி எடுத்து வளர்த்தார். மடத்திலிருந்து ஓடிப்போய் நாடகக் குழுவில் கோமாளி வேடம் கட்டியவர். தேயிலையின் பிறப்பிடம், கருவிகள், நீரின் தரம், கொதிநிலை என எல்லாவற்றையும் பத்து அத்தியாயங்களில் எழுதினார். 'சா ஜிங்' என்ற அந்த நூல்தான் தேநீர் பற்றிய முதல் முழு நூல். இன்று அவரைத் தேநீர் ஞானி என்று கொண்டாடுகிறார்கள்.

ஆனால் அதே காலத்தைச் சேர்ந்த ஃபெங் யான் என்பவர் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். லீ ஜிச்சிங் என்ற உயரதிகாரி தென்பகுதிக்குப் பயணம் வருகிறார். சாங் போஷியோங் என்பவர் நல்ல உடையும் தொப்பியும் அணிந்து வந்து, ஒவ்வொரு கருவியின் பெயரையும் விளக்கியபடி தேநீர் தயாரிக்கிறார். அதிகாரி மகிழ்கிறார். அடுத்த ஊரில் லூ யூவை வரவழைக்கிறார்கள். அவர் நாட்டுப்புறத்து ஆளின் உடையில், தன் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார். செய்முறை ஏறக்குறைய அதேதான். ஆனால் அதிகாரிக்கு முகம் சுளிக்கிறது. குடித்து முடித்ததும், தேநீர் போட்ட ஆளுக்கு முப்பது காசு கொடுத்து அனுப்பும்படி வேலைக்காரரிடம் சொல்கிறார். அவமானம் தாங்காமல் லூ யூ தேநீரையே பழித்து ஒரு கட்டுரை எழுதினார் என்கிறது அந்தப் பதிவு.

அந்த அதிகாரி தேநீர் போட்டவரைக் குறிக்கச் சொன்ன சொல் 'போஷி'. பின்னாளில் தேநீர் விடுதிகளில் கெண்டியோடு ஓடித் திரிந்த பணியாளர்களுக்கும் 'சா போஷி' என்றே பெயர். இன்றைய சீன மொழியில் 'போஷி' என்றால் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரே சொல் பல்கலைக்கழகத்தில் மரியாதையாகவும் தேநீர் மேசையில் ஏவல் சொல்லாகவும் இருந்திருக்கிறது. சமூகவியல் படித்த எங்களுக்கு இதைவிடச் சுருக்கமாகத் தகுதிநிலை பற்றி யாரும் பாடம் நடத்தியதில்லை.

தேநீர் என்ற பொருளுக்கும் செய்முறைக்கும் மதிப்பு இருந்தது. உடையைப் பார்த்து, பிறப்பைப் பார்த்துத்தான் அந்த மதிப்பு செய்தவருக்குப் போய்ச் சேர்ந்தது, அல்லது சேராமல் போனது. கலை அழிகிறது என்று வருந்துவதற்கு முன் நாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுப்பு ஊதிய சிறுவன்

தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் வென் செங்மிங் 1531இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. மரங்களுக்கு நடுவே ஒரு குடிசை. உள்ளே இரண்டு அறிஞர்கள் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். பக்கத்துச் சிறிய அறையில் ஒரு சிறுவன் அடுப்பருகே இருக்கிறான். இதுபோன்ற சிறுவன் அக்காலத் தேநீர் ஓவியங்கள் பலவற்றில் ஓர் ஓரத்தில் தென்படுகிறான். மிங் காலத்து ரசனை நூல்கள், தேநீர் அறைக்கென்றே ஒரு சிறுவனைப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று செல்வந்தர்களுக்கு அறிவுரையும் சொல்கின்றன. ஓவியத்தின் முன் நிற்பவர்கள் அறிஞர்களின் அமைதியைப் பற்றிப் பேசுவார்கள். சிறுவனின் கண்ணில் போன புகையைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

மரபு என்று நாம் சொல்வதும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. தாங் காலத்தில் தேயிலைக் கட்டியை இடித்துப் பொடியாக்கி, உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். சோங் காலத்தில் பொடியைக் கிண்ணத்தில் போட்டு, சுடுநீர் விட்டு, மூங்கில் துடைப்பத்தால் நுரைக்க அடித்தார்கள். அரண்மனைக்குப் போன கட்டித் தேயிலையைச் செய்ய, கொழுந்தைப் பறித்து, ஆவியில் வேகவைத்து, பிழிந்து, அரைத்து, அச்சில் அழுத்தி, உலர்த்த வேண்டும். ஃபூஜியான் மலை மக்களின் முதுகை ஒடித்த வேலை அது.

1391இல் மிங் அரசின் முதல் பேரரசர் ஹோங்வு ஓர் ஆணை போட்டார். இனிமேல் கட்டித் தேயிலை வேண்டாம், கொழுந்தை அப்படியே உலர்த்தி அனுப்பினால் போதும் என்றார். மக்களின் உழைப்பை அது மிகவும் வதைக்கிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்தப் பேரரசர் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்து, பஞ்சத்தில் பெற்றோரை இழந்து, பிச்சையெடுக்கும் துறவியாக அலைந்தவர். கொடுங்கோலராகவும் இருந்தவர்தான், அவரைப் புனிதராக்கத் தேவையில்லை. ஆனால் இன்று உலகமே 'மரபான சீன முறை' என்று நினைக்கிற, இலையைச் சுடுநீரில் ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் பரவியதில் அந்த ஆணைக்குப் பெரிய பங்கு உண்டு. உழைப்பைக் குறைக்க எடுத்த ஒரு முடிவுதான் நாளடைவில் மரபாகியிருக்கிறது.

ஆகவே தேநீர் போடும் முறை மாறுவது குற்றம் அல்ல. ஒவ்வொரு மாற்றத்திலும் யாருடைய சுமை இறங்கியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று கோப்பைகள்

அப்படியானால் மரபில் காப்பாற்றத் தக்கது எதுவுமே இல்லையா? இருக்கிறது. அதைத் தேடி குவாங்தோங் மாகாணத்தின் சாவ்சோ பகுதிக்குப் போக வேண்டும்.

அங்கே தேநீர் முறைக்கு 'குங்ஃபூ சா' என்று பெயர். நாம் சண்டைப் படங்களில் கேட்ட அதே சொல்தான். நேரமும் உழைப்பும் போட்டுக் கைவரப்பெற்ற திறமை என்று பொருள். கைக்குள் அடங்கும் சிறிய மண் குடுவை அல்லது மூடிபோட்ட கிண்ணம். அதில் நெருக்கி நிரப்பிய இலை. ஒரு தட்டு, மூன்று சிறிய கோப்பைகள். ஐந்து பேர் வந்தாலும் எட்டுப் பேர் வந்தாலும் பெரும்பாலும் மூன்று கோப்பைகள்தான். ஒருவர் குடித்ததும் கொதிநீரில் கழுவி அடுத்தவருக்கு ஊற்றுகிறார்கள். நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொள்வதிலேயே பாதி நேரம் போகும். பெரிய வீட்டுக் கூடத்தில் மட்டும் இது நடக்கவில்லை. மளிகைக் கடையிலும் பட்டறையிலும் தெருவோரத்திலும் அந்தத் தட்டைப் பார்க்கலாம்.

ஊற்றும் முறைக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. குடுவையை ஒரு கோப்பையின் மேல் நிறுத்தி நிரப்பக் கூடாது. மூன்று கோப்பைகளின் மேலும் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அதற்கு, பழைய காலத்து வீரர் குவான் யூவின் பெயரால் 'குவான் பிரபு நகர்வலம் வருகிறார்' என்று பெயர். குடுவையின் அடியில் தங்கும் கடைசித் துளிகள்தான் மிகக் கெட்டியானவை. அவற்றையும் ஒரு கோப்பைக்கே கொடுத்துவிடாமல் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு துளியாக விட வேண்டும். அதற்கு 'தளபதி ஹான் ஷின் படையை எண்ணுகிறார்' என்று பெயர். ஒரு கோப்பை வெளிறியும் ஒரு கோப்பை கறுத்தும் இருந்தால், ஊற்றியவருக்குக் கை வரவில்லை என்று அர்த்தம்.

இதைப் படித்தபோது எங்கள் வட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இரட்டைக் குவளையைப் பற்றித் தெரியாதவர் யாரும் அங்கே இல்லை. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் ஒரே பாத்திரத்திலிருந்து வந்த தேநீர் யார் எதில் குடிக்க வேண்டும் என்பதற்காக அடி வாங்கியவர்கள், வழக்குப் போட்டவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அங்கே ஒருவர் வாய் வைத்த கோப்பையைக் கழுவி இன்னொருவருக்குக் கொடுப்பது நட்பின் அடையாளம். கடைசித் துளிவரை சமமாகப் பிரிப்பது கைத்திறமையின் அளவுகோல். சீனச் சமூகத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரு மரபுக்குள் சமத்துவம் ஒரு பழக்கமாக, மணிக்கட்டின் அசைவாக ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

2008இல் சாவ்சோ முறை சீனாவின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2022 நவம்பரில் சீனத் தேயிலைச் செய்முறைகளையும் அவற்றோடு சேர்ந்த சமூக வழக்கங்களையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. 'சமூக வழக்கங்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சுவையைவிட, மனிதர்கள் சேர்ந்து உட்காருவதுதான் அங்கே முக்கியம்.

எட்டு நொடி

இப்போது காணொளியில் பார்த்த கடைக்குத் திரும்புவோம்.

சாஜி என்ற நிறுவனம் 2017இல் யுன்னானில் தொடங்கியது. 2024 முடிவில் அதற்கு 6,440 கடைகள். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இறங்கியது. தன் தானியங்கி இயந்திரத்தால் ஒரு கோப்பையை எட்டு நொடியில் தயாரிக்க முடியும் என்று முதலீட்டாளர்களிடம் பெருமையாகச் சொல்கிறது. இந்தத் துறையில் மற்ற நிறுவனங்களும் இதே பாதையில்தான் போகின்றன. அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: எல்லாக் கடையிலும் ஒரே சுவை, குறைந்த பயிற்சிக் காலம், குறைந்த ஆள் செலவு.

முதல் காரணத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. வெப்பம், நீரின் அளவு, ஊறும் நேரம் இவற்றை இயந்திரம் தவறாமல் பிடிக்கும். கொதிநீரும் கனமான பாத்திரங்களும் நாள் முழுக்கத் தூக்கி மணிக்கட்டு வீங்கிய தொழிலாளிக்கு அது நிம்மதியும்கூட. இரண்டாவது, மூன்றாவது காரணங்களில்தான் விஷயம் இருக்கிறது. பயிற்சிக் காலம் குறைகிறது என்றால், யாரை வேண்டுமானாலும் எளிதில் மாற்றிவிடலாம் என்று அர்த்தம். பல மாதம் பழகி வரும் கைத்திறமைதான் ஒரு தொழிலாளியின் பேரம் பேசும் பலம். அந்தத் திறமை பெட்டிக்குள் போனால் பலமும் பெட்டிக்காரரிடம் போகிறது.

சரி, மிச்சமான நேரமாவது தொழிலாளிக்குக் கிடைத்ததா? 2025 கோடையில் மெய்துவான், அலிபாபா, ஜேடி ஆகிய பெருநிறுவனங்கள் வீட்டுக்கு உணவு கொண்டுவரும் தொழிலில் ஒன்றோடொன்று மோதின. கோப்பைத் தேநீரை ஏறக்குறைய இலவசமாகக் கொடுக்கும் அளவுக்குத் தள்ளுபடிகளை வாரி இறைத்தன. கடைகளில் ஆர்டர் சீட்டுகள் தோரணமாகத் தொங்கின. வேலை செய்த இளைஞர்கள் கழிவறைக்குப் போகவும் நேரமில்லாமல் திண்டாடினார்கள். எட்டு நொடி மிச்சமானால் அந்த எட்டு நொடியில் இன்னொரு கோப்பை. இயந்திரம் வேகத்தைக் கூட்டியது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியவர் மனிதர்.

இந்த மனிதர்கள் யார்? சீனாவில் ஊரை விட்டு வேலைக்கு வந்த கிராமத்துத் தொழிலாளர்கள் கிட்டத்தட்ட 30 கோடிப் பேர். 1958இல் சட்டமான குடும்பப் பதிவு முறையால், கிராமத்தில் பிறந்தவர் நகரத்தில் பத்தாண்டு வேலை பார்த்தாலும் பள்ளி, மருத்துவம் போன்ற உரிமைகளில் வெளியாளாகவே நடத்தப்படும் நிலை நீண்ட காலம் இருந்தது. இன்று தளர்ந்திருந்தாலும் முழுவதும் போய்விடவில்லை. இதைச் சாதி என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் பிறந்த இடம் ஒரு தாளில் எழுதப்பட்டு வாழ்நாள் முழுக்கக் கூடவே வருவது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைக்குள் கோப்பை மூடுபவர்களிலும், வெளியே இருசக்கர வண்டியில் அதைக் கொண்டுபோகிறவர்களிலும் இப்படி வந்தவர்கள் ஏராளம்.

இன்னொன்றும் போய்விட்டது. செங்டு நகரத்தின் பழைய தேநீர் விடுதிகளில் மூங்கில் நாற்காலியில் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்க உட்காரலாம். சுடுநீரை மறுபடி மறுபடி ஊற்றுவார்கள். ஊர்த் தகராறுகளைக்கூட அங்கே உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். தோற்ற தரப்பு தேநீருக்குப் பணம் கொடுக்கும். லாவோ ஷே 1957இல் எழுதிய 'தேநீர் விடுதி' நாடகத்தில், நாட்டு விவகாரம் பேசாதீர்கள் என்ற எச்சரிக்கைத் தாள் சுவரில் ஒட்டியிருக்கும். காட்சிக்குக் காட்சி அந்தத் தாளின் எழுத்து பெரிதாகிக்கொண்டே போகும். மனிதர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பேசுவார்கள் என்று அதிகாரத்துக்குத் தெரியும். கைப்பேசியில் பணம் கட்டி, பையில் வாங்கிக்கொண்டு நகரும் கடையில் அந்த எச்சரிக்கைத் தாளுக்குத் தேவையே இல்லை.

இயந்திரம் வராத இடம்

இயந்திரம் எங்கே வந்தது என்று பார்ப்பதோடு, எங்கே வரவில்லை என்றும் பார்க்க வேண்டும். ஹாங்சோவின் புகழ்பெற்ற லாங்ஜிங் தேயிலைக்கு வசந்தகாலத்தின் முதல் கொழுந்தைச் சில வாரங்களுக்குள் கையால் பறிக்க வேண்டும். அதற்காகப் பிற மாவட்டங்களிலிருந்தும் மாகாணங்களிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள். அரை கிலோ தேயிலைக்குப் பல்லாயிரம் கொழுந்துகள் வேண்டும். மலிவான இலைக்கு அறுவடை இயந்திரங்கள் இருக்கின்றன. மென்கொழுந்து பறிக்கும் ரோபோக்கள் இன்னும் சோதனையில்தான் இருக்கின்றன. நகரத்துக் கடையில் ஐந்து நிமிட வேலையைக் குறைக்கப் பணம் ஓடோடி வந்தது. மலைச்சரிவில் குனிந்து நிற்கும் முதுகுக்கு அது மெதுவாகத்தான் வருகிறது.

இது நமக்குப் பழக்கமான கதை. 1848 முதல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் ஆள் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளையும் விதைகளையும் தொழில் தெரிந்தவர்களையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1870களில் அஸ்ஸாமில் இலை உருட்டும் இயந்திரங்கள் வந்தன. பிறகு பிரிட்டனில் விளம்பரம் செய்தார்கள்: எங்கள் தேயிலை இயந்திரத்தில் ஆனது, சுத்தமானது, சீனத் தேயிலையோ வியர்வைக் கைபட்டது, அழுக்கானது. உழைக்கிறவரின் கை பட்டால் அசுத்தம் என்ற அந்த வாதத்தை நாம் வேறு பெயரில் அறிவோம்.

அதே இலங்கை, இந்தியத் தோட்டங்களில் கொழுந்தைப் பறித்தது யார்? இலை உருட்ட இயந்திரம் வந்தது. கொழுந்து பறிக்க ஆள் பிடிக்கக் கங்காணி வந்தார். தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து கடனோடும் பசியோடும் ஏறிப்போன நம் முன்னோர்களின் விரல்கள் அந்தச் 'சுத்தமான' தேயிலையில் இருந்தன. விளம்பரத்தில்தான் இல்லை.

நாம் எந்தப் பக்கம்?

காந்தியத்தை விமர்சித்து 1945இல் எழுதியபோது அண்ணல் அம்பேத்கர் இயந்திரத்தைப் பழிக்க மறுத்தார். மனிதருக்கு ஓய்வும், ஓய்வால் பண்பாட்டு வாழ்வும் கிடைக்க இயந்திரம் தேவை என்றார். தீமைக்குக் காரணம் இயந்திரம் அல்ல, அதன் பலனைச் சிலருக்கே சொந்தமாக்கும் சமூக அமைப்பு என்றார். சீனத் தேநீர்க் கடைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். அடுப்பு ஊதிய சிறுவனைக் காப்பாற்ற ஒரு இயந்திரம் வந்திருந்தால் நாம் கைதட்டியிருப்போம். கடையில் நிற்கும் பெண்ணுக்கு இயந்திரத்தால் இரண்டு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போக முடிந்தால், அதே சம்பளத்தோடு, இன்றும் கைதட்டுவோம்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை யாராவது மரபு அழிகிறது என்றாலோ, தொழில்நுட்பம் விடுதலை தரும் என்றாலோ, மூன்று கேள்விகள் கேளுங்கள். இதற்கு முன் இந்த வேலையைச் செய்தவர் யார், அவருக்கு என்ன மரியாதை இருந்தது? மிச்சமாகும் நேரமும் பணமும் யாருக்குப் போகிறது? சேர்ந்து உட்கார இடம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் வருந்தவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம்.

இதை எழுதி முடித்து வட்டத்தில் படித்த அன்று, வழக்கம்போலக் கீழ்க்கடை அண்ணன் தூக்கில் தேநீர் கொண்டுவந்தார். இரண்டு வருடமாக அவர்தான் கொண்டுவருகிறார். அவர் பெயர் எங்களில் இருவருக்குத்தான் தெரிந்திருந்தது. லூ யூவுக்குக் கிடைத்த முப்பது காசைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியவர்கள் நாங்கள். அன்று முதல் முறையாக, உட்கார்ந்து எங்களோடு ஒரு கோப்பை குடியுங்கள் என்று கேட்டோம். அவர் சிரித்தார். "கடையில ஆள் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.